தட்டினால் ஓட வேண்டும்

என் பின்னந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி கிடையாது. கல்யாண வீட்டில் எனக்குப் பின்னால் உட்காருகிறவர்கள் அதைப் பார்த்துக் குசுகுசுப்பார்கள். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டதில்லை. அந்த முடி போனதால்தான் தலை மிஞ்சியது.

நான் பட்டாசுக் கம்பெனியில் திரி செருகிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது அது. வெடிமருந்து புழங்குகிற அறைகளுக்கு நாலு பக்கமும் வாசல் இருக்கும். கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். தாழ்ப்பாள் வைக்க மாட்டார்கள். ஒரு நாள் பக்கத்து அறையில் சத்தம். எல்லோரும் எழுந்து ஓட, நான் மட்டும் என் தூக்குச்சட்டியை எடுக்கத் திரும்பினேன். வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத சட்டி. எனக்குப் பக்கத்தில் இருந்தவள் என்னைக் கூப்பிடவில்லை, திட்டவில்லை. சடையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து வெளியே தள்ளினாள். முடி தோலோடு அவள் கையில் போய்விட்டது. முதுகு வெந்தது. சட்டி என்ன ஆனதென்று தெரியாது.

எங்கள் பக்கம் இதை யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. சத்தம் கேட்டால் ஓடு. எதையும் எடுக்கத் திரும்பாதே. பக்கத்தில் இருக்கிறவர் கை அகப்பட்டால் கை, முடி அகப்பட்டால் முடி, பிடித்து இழுத்துக்கொண்டு ஓடு. கேட்டுவிட்டு இழுக்க நேரம் இருக்காது.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். எழுத்தில் தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தில் தப்பில்லை.

என் தம்பி மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தம்பியும் அவன் பெண்டாட்டியும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனபோது அவளை என்னிடம் விட்டுப் போனார்கள். அங்கே அவர்கள் இருந்தது ஒரே அறை, இருவரும் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. எனக்கும் பிள்ளை குட்டி இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் அம்மா போனில் படத்தோடு கூப்பிடுவாள். இவள் போனைப் பானை மேல் சாத்தி வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் பேசுவாள். இவள் அப்படிப் பேசுவதைப் பார்த்தால் வாய் இருக்கிறவர்களெல்லாம் எதற்கென்று தோன்றும்.

அவள் ஊரில் எல்லோருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். வகுப்பு சாருக்கு, சட்டையில் சாக்பீஸ் தூளைத் தட்டிவிடுகிற மாதிரி. பெரிய டீச்சருக்கு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குகிற மாதிரி. பால்காரருக்கு அவர் வயிறு. எனக்கு என்ன பெயர் என்று கேட்டால் தன் பின்னந்தலையில் ஒரு கையை வைத்துத் தேய்த்துக் காட்டிச் சிரிப்பாள். கொழுப்பு. ஆனால் அவள் வைத்தால் எனக்கு அது பட்டம் மாதிரி.

எங்கள் ஊரைச் சுற்றிக் கம்பெனிகள்தான். கண்மாய்க்கு அந்தப் பக்கம் இரண்டு, ஆலங்குளம் ரோட்டில் ஒன்று, திருத்தங்கல் போகிற வழியெல்லாம் இன்னும் எத்தனையோ. காது கேட்கிற பிள்ளைக்குச் சத்தமே சொல்லிவிடும். இவளுக்கு யார் சொல்வது? காது மிஷின் ஒன்று முகாமில் கொடுத்தார்கள். அது சோறு கொதிக்கிற சத்தத்தையும் லாரி போகிற சத்தத்தையும் ஒன்றாகவே இரைகிறது என்று அவள் கழற்றி அரிசி டப்பாவில் போட்டுவிடுவாள். அதனால் நானே ஒரு வழி பண்ணினேன். அவளைக் கூப்பிடுவதென்றால் தோளைத் தொடுவேன். ஓடச் சொல்வதென்றால் மட்டும் அவள் உட்கார்ந்திருக்கிற கட்டிலையோ டிரங்குப் பெட்டியையோ ஓங்கித் தட்டுவேன். அந்த அதிர்வு உடம்பில் பட்டதும் அவள் எழுந்து வாசலைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போய்விட வேண்டும். தட்டில் சோறு இருந்தாலும் சரி, மடியில் கோழிக்குஞ்சு இருந்தாலும் சரி. முதலில் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு அவள் தூங்கும்போதும் தட்டிப் பார்த்தேன். கண் திறப்பதற்குள் கால் தரையில் இருக்கும். ஒரு முறை ஓடுகிற வழியில் என் சேலையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அவளுக்குப் பொரிச்ச அப்பளம் கூடுதலாக வைத்தேன்.

அவள் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் புதிதாக ஒரு சார் வந்தார். நல்ல மனுஷர் என்றுதான் சொன்னார்கள். கெட்டவர் என்று நானும் சொல்ல மாட்டேன். அவர் பாடம் நடத்தும்போது இவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால், தன் பக்கம் திருப்புவதற்காக மர ஸ்கேலால் இவள் பெஞ்சில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். இவள் எழுந்து ஓடிவிடுவாள். மைதானத்துப் புங்கமரத்தடியில் நின்றுகொண்டு எல்லோரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பாள். யாரும் வர மாட்டார்கள். சார்தான் வருவார், முகம் சிவந்து.

எனக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது விஷயத்தை விளக்கிச் சொன்னேன்.

"சார், அவளக் கூப்பிடணும்னா தோளத் தொடுங்க. பெஞ்சத் தட்டாதீக. தட்டுனா ஓடணும்னு நாந்தான் பழக்கி வச்சிருக்கேன்."

"பொம்பளப் புள்ளயத் தொடச் சொல்றீகளாம்மா? இன்னைக்குத் தொடச் சொல்வீக, நாளைக்கு ஊரே தெரண்டு வந்து ஏன் தொட்டேன்னு கேக்கும். எம் பொழப்புப் போயிரும்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

"அப்ப பக்கத்துல இருக்க புள்ளயத் தொடச் சொல்லுங்க."

"சரி, பாப்போம்" என்றார். கொஞ்ச நாள் அப்படியே நடந்தது. பக்கத்தில் உட்காருகிற பிள்ளை இவள் தோளைத் தொடுவாள், இவள் திரும்புவாள், பாடம் நடக்கும். அவர்கள் இருவரும் சிநேகமாகவும் ஆனார்கள். அந்தப் பிள்ளையின் அப்பா ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வீட்டில் முறுக்கு சுட்டால் இவளுக்கும் ஒரு பொட்டலம் வரும்.

ஒரு நாள் சாருக்கு என்ன அவசரமோ, பழக்கதோஷமோ, மறுபடியும் பெஞ்சைத் தட்டிவிட்டார். இவள் எழுந்தாள். இந்தத் தடவை தனியாக ஓடவில்லை. பக்கத்தில் இருந்த சிநேகிதியின் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அந்தப் பிள்ளை வாசல்படியில் விழுந்து, முன்பல் பாதி உடைந்துவிட்டது.

பெரிய டீச்சர் அறையில் என்னை உட்காரச் சொல்லவில்லை. நானாக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். போர்மேன் சுவரோரமாக நின்றான். சார் ஜன்னலோரம். இவளை எல்லோருக்கும் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் வாயாகப் பார்த்து யார் என்ன சொல்கிறார்கள் என்று பிடிக்கப் பார்த்தாள்.

"எம் புள்ள இனி பல்லு இல்லாம எப்பிடி நாலு பேரு முன்னால சிரிக்கும்?" என்றான் போர்மேன். "காது கேக்கலன்னா கொணம் கூடவா கெட்டுப்போகும்? ரவுடி மாதிரி முடியப் பிடிச்சு இழுக்குது."

எனக்கு அவனைத் தெரியும். என் முதுகு வெந்த அன்று என்னைத் தூக்கி லோடு ஆட்டோவில் போட்டவர்களில் அவனும் ஒருத்தன். அப்போது மீசை முளைக்காத வயசு அவனுக்கு.

"ஏப்பா, பல்லு ஒடஞ்சது எனக்கும் சங்கடந்தான். அதுக்கு என்ன செய்யணுமோ செய்றேன். ஆனா முடியப் பிடிச்சு எதுக்கு இழுப்பாகன்னு இவுகளுக்குத் தெரியாது. ஒனக்குமா தெரியாது?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக்குண்டைப் பார்த்தான்.

"சொல்லுப்பா. அந்தப் புள்ள சண்டைக்கு இழுத்துச்சா, காப்பாத்த இழுத்துச்சா?"

"அது கம்பெனிக்குள்ளக்கா. இது பள்ளிக்கூடம்" என்றான்.

அவ்வளவுதான். அந்த ஒரு வாயைத்தான் நான் நம்பிப் போயிருந்தேன்.

பெரிய டீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். அந்த நேரத்திலும் என் கழுதை அதைப் பார்த்து உதட்டைக் கடித்தது. சிரிப்பு வந்துவிட்டதென்று எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் கண்ணுக்கு அது திமிராகத் தெரிந்தது.

"பாருங்கம்மா, அடிக்கக் கூடாதுன்னு சட்டம். நாங்க அடிக்க மாட்டோம். ஆனா ஒரு ஒழுங்கு வேணும்ல? இன்னொரு வாட்டி இப்பிடி நடந்தா டிசியக் குடுத்துருவேன். நீங்க விருதுநகர்ல காது கேக்காதவுங்க பள்ளிக்கூடம் பாத்துச் சேத்துக்கங்க. இல்ல, வீட்டுலயே வச்சுக்கங்க."

வீட்டில் வைத்துக்கொள்வதென்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொஞ்ச நாள் வீட்டில் இருந்து தீப்பெட்டி ஒட்டுவாள். வயசு வந்ததும் சீசனுக்கு ஆள் தேடிக் கம்பெனி வேன் வரும்போது ஏறிப் போவாள். காது கேட்காத பிள்ளை, மருந்து அறையில். அதை நினைத்தாலே எனக்கு முதுகுத் தழும்பு இழுக்கும். தூரத்துப் பள்ளிக்கூடத்தில் விடுதியில் விடுவதற்கு அவள் அம்மா சம்மதிக்கவில்லை. போனில் அழுதாள். "மைனி, நாங்கதான் தள்ளி இருக்கோம். நீங்களாவது கூட இருக்கீகளேன்னுதான நெஞ்சு ஆறுது" என்றாள். இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை.

"நீங்களே வீட்டுல சொல்லிக்குடுத்துருங்க. தட்டுனா ஒக்காந்திருக்கணும்னு" என்றார் பெரிய டீச்சர்.

"அது மட்டும் என் கையால ஆகாது" என்றேன்.

"அப்ப நாங்க பழக்கிக்கிறோம்."

எழுந்து நின்றேன். இவள் கையைப் பிடித்தேன். போர்மேன் வழி விட்டான். வெளியே வந்ததும் இவள் மீசையை முறுக்குகிற மாதிரி செய்து, போர்மேன் என்ன சொன்னார் என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்று கையை விரித்தேன். அது உண்மைதானே.

அவர்கள் பழக்கினார்கள். அடிக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கடைசி வரிசையில் ஒரு பெஞ்சில் அவளைத் தனியாக உட்கார வைத்தார்கள். பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. அப்புறம் தோளைத் தொட யார் இருக்கிறார்கள்? ஸ்கேல்தான். தட்டு விழும். எழுந்தால் அன்றைக்கு இடைவேளை கிடையாது, வாயில் விரலை வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே இருக்க வேண்டும். எழாமல் இருந்தால் சார் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். இதைப் பார்த்த மற்றப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. போகிறவர் வருகிறவரெல்லாம் அவள் பெஞ்சில் ஒரு தட்டு தட்டிவிட்டு, எழுந்திருக்கிறாளா என்று பார்ப்பார்கள். "ஏய், ரயிலு கெளம்பலயா?" என்பார்கள். அவளுக்கு அது கேட்காது. அவர்கள் வாய் கோணுவது தெரியும்.

முதல் வாரம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கையால் சொன்னாள். கோபமாகச் சொன்னாள். ஸ்கேல் விழுகிற மாதிரி, தன் உடம்பு துள்ளுகிற மாதிரி, தொடையை இரண்டு கையாலும் அமுக்கிக்கொள்கிற மாதிரி. நான் திரும்பவும் போய்க் கேட்டேன். "நல்லா முன்னேறி வருதும்மா, நீங்க கெடுத்துறாதீக" என்றார் சார். பிறகு பிறகு அவள் சொல்வது குறைந்தது. பெரிய டீச்சர் கண்ணாடியை இறக்குவதைக் காட்டச் சொன்னால் காட்ட மாட்டாள். சோற்றை முழுதாகச் சாப்பிட்டாள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஊரில் நாலு பேர் என்னிடம் சொன்னார்கள், "ஒங்க புள்ள இப்பத்தான் புள்ளயா இருக்கு" என்று.

தீபாவளிக்கு முந்தின சீசன். கம்பெனிகளில் ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிற சமயம். மத்தியானம் நான் வாசலில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கண்மாய்க்கு அந்தப் பக்கமிருந்து வந்தது அந்தச் சத்தம். முதலில் நெஞ்சில் ஒரு குத்து, பிறகுதான் காது. ஓட்டுச் சில் ஒன்று நழுவி மிளகாய் மேல் விழுந்தது. கண்மாய் மேட்டுக்கு மேலே புகை வெள்ளையாக எழுந்தது. ஊரே கம்பெனிப் பக்கம் ஓடியது. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியாது.

மைதானம் முழுக்கப் பிள்ளைகள். பெரிய டீச்சர் புங்கமரத்தடியில் நின்று வகுப்பு வகுப்பாக நிற்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். சில பிள்ளைகள் அழுதார்கள். சிலர் புகையைப் பார்த்து, யார் அப்பா அங்கே வேலை செய்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். போர்மேன் மகள் இருந்தாள், உடைந்த பல் தெரிய வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு. அவள் பக்கத்தில் என் பிள்ளை இல்லை. மரத்தடியில் இல்லை. குழாயடியில் இல்லை.

வகுப்பறைக்குள் போனேன். ஜன்னல் கண்ணாடி இரண்டு உடைந்து தரையெல்லாம் சில்லாகக் கிடந்தது. புத்தகங்கள், டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்புகள், கவிழ்ந்த பெஞ்சுகள். கடைசி வரிசையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். வாயில் விரல். தொடையை இன்னொரு கையால் அமுக்கியிருந்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. கண் வாசலில் இருந்தது. பெஞ்சு அதிர்ந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லோரும் ஓடியதையும் பார்த்திருக்கிறாள். நாற்பது பிள்ளைகள் அவளைத் தாண்டி ஓடியிருக்கிறார்கள். ஒருத்தர்கூட அவள் சடையைப் பிடித்து இழுக்கவில்லை.

தோளைத் தொட்டேன். அப்போதுதான் வாயிலிருந்து விரலை எடுத்தாள்.

நாங்கள் வெளியே வரும்போது சார் எதிரே வந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆகி, பிறகு தெளிந்தது.

"உள்ளயா இருந்துச்சு? அடடா... பாத்தீகளாம்மா? மத்த புள்ளைக அம்புட்டும் தறிகெட்டு ஓடுச்சுக. இது அசையல பாருங்க. எம்புட்டுக் கட்டுப்பாடு!"

சொல்லிவிட்டு, பழைய பழக்கத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பயத்தில் வந்த பேச்சு என்று இப்போது யாராவது சொன்னால் கேட்டுக்கொள்வேன். அன்றைக்கு இவளை மறுபக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டி வந்தேன்.

போர்மேன் தன் பிள்ளையைக் கூட்டிப்போக பைக்கில் வந்திருந்தான். நான் வகுப்பறையிலிருந்து இவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வருவதைப் பார்த்தான். காலி அறையையும் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. கம்பெனியில் கடைசியாக உள்ளே இருக்கிறவர் யார் என்று பார்ப்பதுதானே அவன் வேலை.

"யக்கா..." என்றான்.

"இது பள்ளிக்கூடம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மறுநாள் பெரிய டீச்சர் வீட்டுக்கே வந்தார். இனிமேல் ஒரு பிள்ளையை அவளுக்குத் துணைக்கு உட்கார வைப்பதாகச் சொன்னார். காப்பி கொடுத்தேன். குடித்தார். நான் டிசி கேட்கவில்லை. வாங்கி எங்கே போவது? அவள் இன்றைக்கும் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறாள். எட்டாம் வகுப்பு. தலை வாரி, இரட்டைச் சடை போட்டு, நான்தான் வாசல்வரை கொண்டு விடுகிறேன். கணக்கில் நல்ல மார்க் வாங்குகிறாள். ஒழுக்கத்துக்கு ஒரு பேனா பரிசு கொடுத்தார்கள். வாங்கி வந்து என் மடியில் வைத்தாள். அதை நான் எழுதக்கூட எடுப்பதில்லை.

சாயங்காலம் அவள் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதி முடிக்கிற சமயம் பார்த்து நான் பின்னால் போய்ப் பெட்டியை ஓங்கித் தட்டுவேன். முதலில் எல்லாம் அவள் அசையவே மாட்டாள். தொடைமேல் கை போகும், அவ்வளவுதான். விடாமல் தட்டினேன். கையைப் பிடித்து இழுத்து வேப்பமரத்தடிக்கு ஓடிக் காட்டினேன். இந்த வயசில், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. எதிர்வீட்டுக்காரி, "மதினிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

இப்போது கொஞ்சம் பலன் இருக்கிறது. தட்டியதும் அவள் என் பக்கம் திரும்புகிறாள். வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். வகுப்பில் வெளியே போகக் கேட்பார்களே, அதே மாதிரி. நான் தலையை ஆட்டியதும் எழுந்து ஓடுகிறாள். நன்றாகத்தான் ஓடுகிறாள்.

நான் தலையை ஆட்டுகிற வரைக்கும் அந்தக் கை இறங்குவதில்லை.